அக்கா வீட்டை எனக்கென்று வைத்திருந்தேன்

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் சபையிலிருந்து இருவர் இருவராக வீடு சந்திக்கப் போவோம். எனக்குக் கிடைத்தது ஈப்போவில் குனோங் ராபாட். மலையடிவாரத்தில் வரிசை வரிசையாக வீடுகள் கொண்ட தாமான். கேட்டருகே நின்று முதலில் வாசல் நிலையைப் பார்ப்போம். மாவிலைத் தோரணம் இருந்தால் கூப்பிடுவோம். அரபு எழுத்து மாட்டியிருந்தால் சத்தமில்லாமல் அடுத்த வீடு. முஸ்லிம்களிடம் மதம் பேசக் கூடாது, நாட்டுச் சட்டம் அப்படி. உள்ளே போனால் தண்ணீர் மட்டும். சாமிக்குப் படைத்ததாக இருக்குமோ என்று பலகாரத்தில் கை வைக்கமாட்டோம்.

மாட்டோம் என்ன மாட்டோம், நான் வைக்கமாட்டேன். என்னோடு வருகிறவள் இரண்டாவது வடைக்கும் கை நீட்டுவாள்.

அவள் சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை அழித்த பிறகு ஈப்போவுக்கு வந்து கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். சபைக்கு வந்து கொஞ்ச காலம்தான். யோவானில் இருப்பதை லூக்காவில் தேடுவாள். ஆனால் கேட் திறந்ததும், "என்னாக்கா, கருவாட்டுக் கொழம்பு வாசம் ரோட்டு வரைக்கும் வருது லா!" என்பாள். உடனே நாற்காலி வந்துவிடும். மகன் பேசாமல் இருப்பது, மருமகள் பேசித் தொலைப்பது எல்லாவற்றையும் அவளிடம் கொட்டுவார்கள். நான் பைபிளைத் திறந்தால் மட்டும் அவர்களுக்கு அடுப்பில் அரிசி வேகும் ஞாபகம் வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் புதிதாக யாராவது வந்தால் வாசலில் அவளைத்தான் தேடுவார்கள். எனக்கு வயிறு பற்றி எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுவேன்.

அதே தாமானில் ஒரு வரிசைக்கு மட்டும் நான் யாரையும் போக விட்டதில்லை. அங்கேதான் என் அக்கா தனியாக இருக்கிறாள். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருக்கும் ஒரே இரத்த சொந்தம். கல்யாணமாகி நான் சபையில் சேர்ந்த நாள் முதல், அவளை எப்படியாவது ஆண்டவரிடம் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. அதுவும் என் கையால். நான் ஆரம்பித்தாலே அவள் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல், அவள் மட்டும் போனாள். அன்றைக்கு மாலை அக்கா போன் செய்தாள்.

"ஒங்க சர்ச்சுப் பொண்ணு வந்திச்சிடி. எலை போட்டேன், ஒக்காந்து நல்லா சாப்பிட்டுச்சி. நீ இந்த வீட்ல புரட்டாசிச் சோறு தின்னு எத்தனை வருசமாச்சி?"

காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன்.

"அது படையல்னு தெரியாதா ஒனக்கு?"

"தெரியும்க்கா. அவங்க தனியா ஒக்காந்து சாப்பிடப் போனாங்க, மனசு கேக்கல."

"அது என் அக்கா வீடு!"

"அதான் செவுத்துல ஒங்க போட்டோ மாட்டியிருக்கே," என்றாள்.

மறுநாளே பாஸ்டரிடம் சொன்னேன், வசனத்தோடு. "பேசுறேன்மா" என்றார். என்ன பேசினாரோ, அவள் அதற்குப் பிறகும் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். பாவி, நான் இத்தனை வருடம் காத்துக்கொண்டிருந்த வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போகிறாளே என்று புழுங்கினேன்.

பிறகு ஒருநாள் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். மார்பில் கட்டி, மறுநாள் காலையில் ஆபரேஷன். ஓடினேன். அவளுக்குக் கட்டி இருப்பது அந்தப் பெண்ணுக்கு முன்பே தெரியும். மோட்டாரில் உட்காரவைத்து கிளினிக்குக்கு இழுத்துப் போனதே அவள்தானாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ண வரச் சொல்லு. ஜெபம் பண்ணட்டும்," என்றாள்.

"நான் இருக்கேனே. நான் பண்றேன்."

"வேணாண்டி." என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். "நீ கண்ண மூடினா என் ஒடம்புக்காகக் கேக்குறியா, என்னை மாத்தச் சொல்லிக் கேக்குறியான்னு எனக்குத் தெரியல. அந்தப் பொண்ணு கேக்குறது எனக்கு நல்லாகணும்னுதான்."

வெளியே போய் அழுதுவிட்டு, அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். வேலை உடையோடு வந்தாள். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். நான் அவள் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு திரைக்கு வெளியே நின்றேன். அவள் ஜெபம் சின்னது, வசனமே இல்லை. முடிந்ததும் உள்ளேயிருந்து அக்காவின் குரல், மெதுவாக, "ஆமென்" என்றது.

அக்கா வாயிலிருந்து நான் முதல்முறையாகக் கேட்டேன். அது எனக்கு வரவேண்டிய ஆமென்.