மருந்து போடாத கோழி

நான் வேலை செய்த தையல் கடை மூடப்பட்ட பிறகு, வட்டுக்கோட்டையில் எங்கள் வீட்டு வளவின் பின்பக்கத்தில் அண்ணையும் நானும் சேர்ந்து இறைச்சிக் கோழி வளர்க்கத் தொடங்கினோம். குஞ்சுகள் வந்த முதல் நாளிலிருந்தே தண்ணீரில் அன்ரிபயோட்டிக் தூளைக் கலந்து வைப்போம். நோய் வருத்தம் வந்ததற்காக அல்ல, வராமல் இருப்பதற்காக. எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஒருநாள் மிருக வைத்தியர் நடத்திய வகுப்புக்குப் போனேன். சின்ன வயதுப் பெண். அப்படி ஓயாமல் கொடுத்தால் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும், பிறகு மனிதருக்கு வருத்தம் வரும்போதும் அந்த மருந்து கேட்காமல் போகலாம் என்றார். அதற்குப் பதிலாகக் குடலுக்கு நன்மை செய்யும் கிருமிகளைக் கொடுக்கலாம், அது புரோபயோட்டிக். அந்தக் கிருமிகளுக்குத் தீனியாகிற நார் பிரிபயோட்டிக் என்று விளக்கினார்.

"ஆனா உது மந்திரமில்லை அக்கா. குஞ்சுகளை நெருக்கமா விடக்கூடாது, உமி ஈரமாகக்கூடாது. அப்பிடியிருந்தும் கொஞ்சம் சாகும்."

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடைசி வசனத்தைத் தவிர. அதற்கு முந்தின மாரி மழையில் ஒரே கிழமைக்குள் கூட்டில் பாதிக் கோழிகள் செத்து, உரப்பைகளில் அள்ளிக்கொண்டு போய்ப் புதைத்தவர் அவர். சாகும் என்று சொன்னால் சம்மதிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

அண்ணை சம்மதித்தார். புரோபயோட்டிக் என்ற அந்தப் புதுத் தூளோடு வளர்த்த முதல் தொகுதியில் கிட்டத்தட்ட ஒன்றும் சாகவில்லை. எனக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். வருகிறவர்களிடமெல்லாம் "மருந்து போடாத கோழி" என்று சொல்லி விற்றேன். ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் அதைக் கேள்விப்பட்டு ஒவ்வொரு கிழமையும் வரத் தொடங்கினார். அவருடைய கணவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. காலில் வந்த புண்ணுக்கு எந்த அன்ரிபயோட்டிக்கும் கேட்கவில்லையாம்.

"இனிச் சாப்பாட்டிலையாவது உதுகள் வேண்டாமெண்டு பாக்கிறன்" என்றார்.

இரண்டாவது தொகுதி விற்று முடிகிற நேரம், அண்ணை ஒரு செத்தவீட்டுக்காகச் சாவகச்சேரிக்குப் போயிருந்தார். தீன் மூட்டைகளை நகர்த்தியபோது சுவரோரமாகப் பழைய அன்ரிபயோட்டிக் பைக்கற் ஒன்று கிடந்தது. நிறுத்தியபோது வாய்கூடப் பிரிக்காமல் வைத்தது, இப்போது பாதி முடிந்திருந்தது. அவர் வந்து கால் கழுவும்போது அதைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது என்னண்ணை?"

நிமிராமல் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"முதல் தொகுதியிலை ரெண்டு குஞ்சு வருத்தம் வந்து தூங்கி விழுந்தது. என்னாலை பாக்க ஏலாமப் போச்சு. போட்டிட்டன்."

"பிறகு?"

"பிறகு நிப்பாட்டப் பயமாக் கிடந்தது."

"விக்கிறதுக்கு முதலெண்டாலும் நிப்பாட்டினியளோ?"

இல்லையென்று தலையாட்டினார். நான் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை.

"உன்ரை தூளாலைதான் தப்பினதெண்டு நீ சந்தோசப்பட்டாய். அதைக் கெடுக்க மனம் வரேல்லை" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த நாள் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். அந்தக் கிழமைதான் அவருடைய கணவரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"உமக்குத் தெரியாதுதானே. உந்தப் புண்ணுக்கும் கோழிக்கும் சம்பந்தமிருக்கெண்டு சொல்லேலாதெண்டுதான் முந்தி நான் கேட்ட நேரம் டொக்டரும் சொன்னவர்." பிறகு வாசல் கதவைப் பாதி சாத்தியபடி சொன்னார். "ஆனா, உது சுத்தமான கோழியெண்டு சொல்லிச் சொல்லியெல்லோ நான் அவருக்குச் சோத்தோடை தீத்தினனான்."

அதன் பிறகு அவர் எங்களிடம் வரவில்லை. சில மாதங்களில் கணவர் இறந்துபோனார். தேவாலயத்தில் நடந்த இறுதி வழிபாட்டில் நானும் துக்கம் சொல்ல வரிசையில் நின்றேன். ரீச்சர் எல்லோருடைய கையையும் போலவே என் கையையும் பிடித்துவிட்டு அடுத்தவரிடம் திரும்பினார்.

அதற்கிடையில், அடுத்த தொகுதியில் குஞ்சுகளைக் குறைத்து, உமியை அடிக்கடி மாற்றி, புரோபயோட்டிக்கை மட்டுமே கொடுத்து வளர்த்தோம். மழை தொடங்கியதும் சில செத்தன. இந்த முறை வைத்தியர் சொன்ன கடைசி வசனத்தையும் அண்ணையிடம் சொன்னேன்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

செத்தவற்றை அவர்தான் புதைத்தார். இப்போது அவர் கூட்டுக்குள் வருவதில்லை. தீன் மூட்டையைக் கதவடியில் இறக்கி வைத்துவிட்டு, உள்ளே எத்தனை நிற்கின்றன என்றுகூடக் கேட்காமல் போய்விடுகிறார்.