மாடுகளை நிறுத்திய சவில்லா

அமெரிக்காவில் லங்காஸ்டர் பக்கத்து ஆமிஷ்காரர்கள், வீட்டில் ஒருவகை ஜெர்மன் பேசி, கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்கள், சவில்லா லாப்பைப் பற்றிச் சொல்லும்போது, நல்ல கை, நல்ல மனசு, வாய்தான் கொஞ்சம் நீளம் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஓரறைப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள். அவள் புருவம் உயர்ந்தால் வகுப்பே அடங்கிவிடும். பென்யுவேலைக் கட்டிக்கொண்டு பண்ணைக்கு வந்த பிறகு அந்தப் புருவத்துக்கு அவனும் மாடுகளும்தான் மிச்சம்.

ஊர் பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சின்ன வயதில், சந்தையில் அம்மாவோடு நின்றவளின் தாடையைப் பிடித்துத் திருப்பி, தலைக் குல்லாவின் நாடாவை அவிழ்த்துப் பார்த்தாள் பேருந்தில் வந்த ஒரு பெண்மணி, பொம்மைக் கடையில் பார்ப்பது போல. அம்மா சிரித்துச் சமாளித்தாள். அம்மா சிரித்ததைத்தான் சவில்லாவால் கடைசிவரை பொறுக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பென்யுவேல் குதிரைக்கு லாடம் அடிக்கப் போயிருந்தான். மறுநாள் சபைக்குப் போக வேண்டும் என்று சவில்லா தலைக்குக் குளித்து, வீட்டின் பின்பக்கப் படியில் உட்கார்ந்து முடியை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தாள். புருஷனைத் தவிர யார் கண்ணிலும் படாத முடி.

"டெரிக், ஓடி வா! முடியப் பாரு, இடுப்புக்குக் கீழ போகுது!"

திரும்பினாள். கோழிக்கூண்டு ஓரமாக ஒரு ஆணும் பெண்ணும். அவன் கையில் செல்போன்.

"அப்படியே இரும்மா, அசையாத. இன்னும் ஒண்ணு."

"யாரு நீங்க? வீட்டுக்குப் பின்னால வந்து என்ன பண்றீங்க?"

"அட, இங்கிலீஷ் பேசுது!" என்றான் அவன் மனைவியிடம்.

"பேசும். கடிக்கவும் செய்யும். படத்த அழிங்க."

"அழகா இருக்கீங்கன்னுதானே எடுத்தேன்? இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தோம்."

"என் முடியப் பாக்கவா?"

"ஏன் கோவப்படுறீங்க? உங்க ஆளுங்க யாரா இருந்தாலும் மன்னிச்சிருவாங்கன்னு படிச்சிருக்கேனே."

சவில்லாவுக்கு உச்சந்தலை கொதித்தது. வந்து திருடுவார்களாம், மன்னிப்பையும் அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். "மன்னிக்கிறது என் பாடு. அத நீ எனக்குச் சொல்லித் தராத" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே காரைப் பார்க்க நடந்தான்.

ஈர முடியைச் சுருட்டிக் குல்லாவுக்குள் திணித்தாள். கார் நின்றது பண்ணைப் பாதையின் நடுவில். மேய்ச்சலிலிருந்து மாடுகள் தொழுவத்துக்குப் போகும் வழியும் அதுதான். பால் கறக்கும் நேரம். அவள் போய்ப் படலைத் திறந்தாள். மாடுகள் மடி கனக்க வந்து காரைச் சூழ்ந்ததும், "ஹோ" என்று ஒரு குரல் கொடுத்தாள். அத்தனையும் நின்றன. ஒன்று முன்கண்ணாடியை நக்கியது. ஒன்று கதவோரம் சாணி போட்டது. டெரிக் ஹாரன் அடித்தான். மாடுகள் நிமிர்ந்து பார்த்ததோடு சரி.

"மாட்ட ஓட்டுங்க!" என்று கத்தினான்.

"அதுங்களும் கொஞ்சம் பாக்கட்டுமே. கார் பாக்கத்தான் வந்திருக்குங்க."

அந்த நேரத்தில் பென்யுவேலின் குதிரை வண்டி திரும்பி வந்தது. அவன் காரைப் பார்த்தான், மனைவியின் தோளில் சொட்டும் ஈரத்தைப் பார்த்தான். வண்டியைக் காருக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கி நின்றான்.

காருக்குள்ளிருந்த பெண் கண்ணாடியை இறக்கினாள். "உங்க முடிய யாருமே பாக்கக் கூடாதா?"

"இவன் பாக்கலாம்" என்று பென்யுவேலைக் காட்டினாள் சவில்லா.

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. புருஷன் கையிலிருந்த போனைப் பிடுங்கி, படங்களை அழித்து, சவில்லாவிடம் நீட்டிக் காட்டினாள்.

"வேற எங்கயும் ஒளிஞ்சிருக்கா?"

அந்தப் பெண் இன்னும் எதையோ தட்டி, அங்கேயும் அழித்தாள்.

"நல்ல படம் போச்சு" என்றான் டெரிக்.

"வாய மூடு" என்றாள் மனைவி.

சவில்லா நாக்கைச் சொடுக்கினாள். மாடுகள் நகர்ந்தன.

விஷயம் பக்கத்துப் பண்ணை வழியாக, சபையின் ஒழுங்கைக் கவனிக்கும் டீக்கன் எப்ரயீம் காதுக்குப் போய், திங்கட்கிழமை அவர் வந்து அடுப்படி மேசையில் உட்கார்ந்தார்.

"நம்மள அடிச்சாலும் நாம திருப்பி அடிக்கிறதில்லையே, சவில்லா."

"நான் அடிக்கலியே. மாடு நின்னுச்சு."

"நீ நிறுத்தின."

"ஆமா, நிறுத்தினேன். கோவப்பட்டதுக்குச் சபையில மண்டி போடச் சொல்லுங்க, போடுறேன். அழிக்கச் சொன்னதுக்குப் போட மாட்டேன். அது உங்க மக முடியா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

எப்ரயீம் தாடியை உருவிக்கொண்டார். அவருக்கு எல்லாம் பெண்பிள்ளைகள்.

மூலையிலிருந்து பென்யுவேல் வாயைத் திறந்தான். "நானுந்தான் நின்னேன், எப்ரயீம். அவளக் கூப்பிட்டா என்னையும் சேத்துக் கூப்பிடுங்க."

டீக்கன் காப்பியைக் குடித்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினார். சபையிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை.

ஊரில் பெண்கள் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். சவில்லா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் மாடியறை ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தலை உலர்த்தினாள். புழுங்கித் தள்ளும் கோடையில், சொந்த வீட்டில், கதவுக்குப் பின்னால். "குத்தம் பண்ணது அவன். அடைஞ்சு கிடக்கிறது நானா?" என்று பென்யுவேலிடம் கேட்டாள். அவன் எழுந்து போய்ப் பாதை முகப்பில் வாயிற்கதவுக்குக் கம்பம் நடக் குழி தோண்ட ஆரம்பித்தான்.