டென்மார்க் இளவரசர்களும் என் கையெழுத்தும்

டென்மார்க் இளவரசர்களுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மொன்றியலில் நான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதில் பிரெஞ்சு வகுப்பில் போய்க் குந்தினேன். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு எடுத்து, அதில் இருக்கும் விஷயத்தைப் பற்றி வகுப்பின் முன்னால் பேச வேண்டும் என்றார் ஆசிரியை. மற்றவர்களுக்கு மேப்பிள் பாகு, பனிச்சறுக்கு என்று லேசானவையாக வந்தன. என் தலையில் இளவரசர்கள் வந்து விழுந்தார்கள்.

அகராதியும் கையுமாக இரண்டு கிழமை நூலகத்தில் இருந்தேன். டென்மார்க்கில் நெடுங்காலமாக இரண்டே பெயர்கள்தான் அரசர்களுக்கு மாறி மாறி வந்திருக்கின்றன. நம்மவர்கள் பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பதுபோல. மூத்தவனுக்கு முடி. இளையவர்கள் பலர் படைக்குப் போனார்கள். ஒருவரைக் கிரேக்கர்கள் பதினேழு வயதிலேயே கூட்டிப்போய் அரசனாக்கிவிட்டார்கள். இன்னொருவர் இங்கிலாந்தில் பெண் எடுத்தார். மனைவி அரசியானார், அவர் கடைசிவரை அரசியின் கணவர்தான்.

எனக்குப் பிடித்துப்போனது வேறொருவரின் கதை. கனடாவில் மர வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண்ணை அந்த இளவரசர் விரும்பினார். அரசர் சம்மதம் கொடுத்தார். கொடுத்த கையோடு இளவரசர் பட்டத்தையும் முடியுரிமையையும் எடுத்துக்கொண்டு, சின்னதாக வேறொரு பட்டத்தைக் கையில் வைத்து அனுப்பினார்.

என் வீட்டிலும் அப்போது இதே வழக்குத்தான். அப்பா போனபின் தங்கச்சிக்கு எல்லாம் நான் என்றிருந்தேன். மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் ஒரு கார்டெறியில் பிள்ளை பராமரிக்கும் வேலை அவளுக்கு. சென்னையிலிருந்து வந்த இந்துப் பொறியியலாளர் ஒருவரைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். நாங்கள் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர்.

“என்ரை கையெழுத்து இல்லாமல் எழுத்து எப்பிடி நடக்குதெண்டு பாப்பம்” என்று கத்தினேன்.

எழுத்து என்றால் கலியாணப் பதிவு. எங்கள் குடும்பத்தில் பெண்ணின் தகப்பனோ தமையனோதான் அதில் சாட்சிக் கையெழுத்து வைப்பார்கள். இந்த நாட்டுச் சட்டமும் அதுதான் என்று, யாரையும் கேட்காமல், உறுதியாக நம்பியிருந்தேன். அதன்பின் நான்கு மாதம் அவளோடு கதைக்கவில்லை.

வகுப்பில், அரசர் செய்தது சரி என்று முடித்தேன். அவர் சம்மதிக்க மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஆசிரியை கேட்டார். இளவரசர் பேசாமல் வீட்டில் இருந்திருப்பார் என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்குச் சரியான எரிச்சல்.

அந்தக் கிழமை தங்கச்சி தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிறு மதியம் சாப்பிட வரச் சொன்னாள். ஆள் இறங்கி வந்துவிட்டாள் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அரசரின் வழியிலேயே போகலாம் என்று முடிவு செய்தேன். சம்மதம் கொடுப்பது, ஆனால் அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசல் மிதிப்பதில்லை. சட்டைப் பையில் ஒரு நல்ல பேனாவையும் செருகிக்கொண்டேன். லவாலுக்கு மெட்ரோ ஓடத் தொடங்கிய புதிது. அதில் ஏறிப் போனேன்.

“வாங்க, வாங்க, உள்ள வாங்க” என்று கதவைத் திறந்தவர் அந்தப் பொறியியலாளர். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்தேன்.

“சரி. நான் கையெழுத்து வைக்கிறன்” என்றேன்.

தங்கச்சி சோற்றுக் கரண்டியோடு நின்றாள். “எதுக்கு அண்ணை? எழுத்து போன மாசமே முடிஞ்சுது.”

“ஆர் கையெழுத்து வைச்சது?”

“என்னோடை வேலை செய்யிற ரெண்டு பேர்.”

“அப்ப என்னை ஏன் கூப்பிட்டனி?”

“நாலு மாசமா உங்களைக் காணேல்லை. அதுதான்.”

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் கத்தியிருப்பேன். சோற்றைப் போட்டுவிட்டு, குழம்பில் உறைப்புக் கூடவோ என்று கேட்டாள். என் ஒரே தங்கையின் கலியாணத்துக்கு நான் போகவில்லை. என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை.