மூட்டை ஏறுவதற்குள் மூன்றாம் சரணம்

நாற்பத்திரண்டு நெல் மூட்டைதான் என் ஸ்டுடியோ. சிரிக்காதீர்கள். பாகூர்ப் பக்கம் எங்கள் வீடு முழுக்க டைல்ஸும் கான்கிரீட்டும். கூடத்தில் பாடினால் கிணற்றுக்குள் விழுந்தவள் கத்துகிற மாதிரி கேட்கும். ஒருநாள் நெல் அடுக்கிய அறைக்குத் துடைப்பம் எடுக்கப் போய்த் தும்மினேன். தும்மல் அங்கேயே அடங்கிப்போனது, எதிரொலி துளிகூட இல்லை. அடி சக்கை என்று அன்றைக்குச் சாயங்காலமே மைக்கையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு உள்ளே குடிபோய்விட்டேன்.

பாட்டு டவுன் பஸ்ஸைப் பற்றியது. கல்லூரிக்குப் போன மூன்று வருடத்தில் நான் விட்ட பஸ்கள் கொஞ்சமா நஞ்சமா? 'கொஞ்சம் நில்லு கண்டக்டரே, இன்னொரு செருப்பு எங்கேயோ' என்று பல்லவி. எழுதியது நான், மெட்டு நான், பாடியது நான், கோரஸ் பாடிய நான்கு பெண்களும் நானேதான். முறத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டுக் குலுக்கினால் ஷேக்கர். எவர்சில்வர் குடத்தின் வாயை உள்ளங்கையால் தட்டினால் பாஸ் டிரம். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு என் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. தூக்கத்தில்கூடக் கால் ஆடியது.

அப்பாவுக்கு மட்டும் இன்னும் போட்டுக் காட்டவில்லை. முழுசாக முடித்துத்தான் காட்டுவது என்று எனக்கு ஒரு வீம்பு. அவரும் கேட்கவில்லை. ஒருதரம் கதவோரம் நின்று, மூட்டைங்ககிட்ட இன்னா பேசினு இருக்கிற என்றார், போய்விட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

இரண்டு சரணம் முடிந்து மூன்றாவது பாக்கி இருக்கையில், மறுநாள் வரவேண்டிய நெல் வியாபாரியின் லாரி அன்று காலையிலேயே வந்து நின்றது. மூட்டை போய்விட்டால் அந்த அறையும் கூடத்தைப்போல முழங்கும். மூன்றாம் சரணம் வேறு யாரோ பாடியதுபோல ஒட்டாமல் நிற்கும். அடுத்த அறுப்புவரை காத்திருக்க என்னால் ஆகாது, அதற்குள் எனக்கே பாட்டு சலித்துவிடும். அம்மாவிடம் ஓடினேன். அவள் குக்கரை இறக்கினாள், மோட்டாரை நிறுத்தினாள், கோழிகளைத் தெருவரைக்கும் துரத்தினாள். வெளிக் கொட்டகையில் இருக்கும் மூட்டைகளை முதலில் ஏற்றட்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து, "சீக்கிரம் பாடித் தொலைடி" என்றாள்.

கதவைச் சாத்தினேன். வெளியே அப்பா எண்ணும் குரல் கேட்டது. எங்கள் பக்கம் நெல்லை எண்ணும்போது ஒன்று என்று தொடங்க மாட்டார்கள். முதல் மூட்டைக்கு 'லாபம்', அப்புறம்தான் ரெண்டு, மூணு. அப்பா எண்ணினால் எண்ணினதுதான். நடுவில் போன் வரட்டும், சண்டை வரட்டும், இடியே விழட்டும், தப்பாது. ஊரில் மற்றவர்கள் களத்துக்கும் அவரைத்தான் எண்ணக் கூப்பிடுவார்கள்.

என் கதையோ தலைகீழ். முதல் தடவை வரியை மறந்தேன். இரண்டாம் தடவை மூக்கில் நெல் தூசி ஏறித் தும்மினேன். மூன்றாம் தடவை செருப்பு தொலைகிற இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. மூட்டைமேல் சாய்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன், கூடவே அழுகையும் வந்தது. அறுபத்தேழு, அறுபத்தெட்டு என்று வெளியே கேட்டது. கொட்டகை காலி. மூட்டை தூக்குகிறவர்களின் காலடி படியேறி என் கதவுவரை வந்துவிட்டது.

அப்போது அப்பா சொன்னார். "இருங்கப்பா. எண்ணிக்கை வுட்டுப்போச்சு."

இப்பத்தானே அறுபத்தெட்டுன்னு சொன்னீங்க என்று ஒரு ஆள் இழுத்தார்.

"சந்தேகமா இருக்குதுபா. லாரிமேல ஏறி லாபத்துல இருந்து எண்ணு. மெதுவா எண்ணு."

காலடி திரும்பிப் போனது. எனக்கு யோசிக்க நேரமில்லை, பட்டனை அழுத்தினேன். பாடினேன் பாருங்கள், செருப்பும் கண்டக்டரும் ஓடுகிற பஸ்ஸும் தானாக வழுக்கிக்கொண்டு வந்தன. கடைசி 'நில்லு'வை நான் இழுத்த இழுப்பில் எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஒரே டேக். குடத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே ஒரு சுற்று ஆடினேன்.

கதவைத் திறந்தபோது என் தலையெல்லாம் நெல் தூசி. லாரிப் பக்கம் நின்று எண்ணிக்கையைப் பார்க்க வேண்டிய அப்பா, கதவுக்கு ஒரு முழம் தள்ளிச் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அவருடைய வலது கால் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சுப்பா."

அவர் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "எண்ணிக்கை சரியா வந்துடுச்சுபா. வாங்க, உள்ள இருக்கறத எடுங்க."

லாரிமேல் இருந்த ஆள் அப்போதுதான் முப்பத்தொன்றில் இருந்தார்.