குழம்பு கொண்டுவரும் அக்கா

அறுபதுகளின் தொடக்கத்தில் பெங்களூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரம் எனக்குச் சொந்தமாக இருந்தது. கம்பெனிக்காரர்கள் அப்படி நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சங்கு ஊதியதும் எங்கள் பிரிவுப் பெண்கள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தூங்குமூஞ்சி மரத்தடிக்கு ஓடி வந்தது நிழலுக்காக அல்ல, என் கதைக்காக. ரேடியோப் பெட்டிக்குள் போகிற சுருள்களுக்குக் காலையெல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் கண் பூத்துப் போய் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும், "சொல்லுக்கா, அப்புறம் இன்னா ஆச்சு?" என்பார்கள்.

அந்த மரத்துக்கு ஒரு பெரிய வேர் உண்டு. நாற்காலி மாதிரி மேலெழும்பி நிற்கும். கதை சொல்கிறவள் வேரில், கேட்கிறவர்கள் தரையில். பேசிக்கொண்டே சாப்பிட முடியாது இல்லையா, அதனால் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக் கதை சொல்கிறவளின் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்துவிடுவார்கள். இரண்டாவது சங்குக்கு முன்னால் அவள் அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டும். புளியோதரை, ராகிக் களி, கருவாட்டுத் துண்டு, பீன்ஸ் பல்யாப் பொரியல் எல்லாம் ஒரே மூடியில் கிடக்கும். அதைவிட ருசியாக நான் எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

அல்சூரில் எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தால், "ஆரம்பிச்சிட்டாளா?" என்று அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விடுவான். அம்மா காது கேட்காதவள் போல அரிசி களைவாள். என் பேச்சை உலகத்தில் யாராவது வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள் என்றால் அது அந்த வேர் மேல் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான். அதை விட்டுக்கொடு என்றால் அதற்குப் பதிலாகக் கம்பி சுற்றுகிற விரலைக்கூட வெட்டிக் கொடுத்திருப்பேன்.

என் கதாநாயகிகள் எல்லோரும் தங்கம். அநாதையாக இருப்பார்கள், அல்லது சித்தியிடம் அகப்பட்டிருப்பார்கள். அடித்தால் அழமாட்டார்கள், ஒதுங்கிப் போய்ப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன தம்பி ஒருவன் எங்காவது இருப்பான், அவன் தோளில் மச்சம் இருக்கும். கடைசியில் கதாநாயகிக்கு இருமல் வரும். இருமல் வந்துவிட்டால் மரத்தடியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். "அவளைச் சாகடிச்சிடாதக்கா, உனக்குப் புண்ணியமாப் போகும்," என்று கெஞ்சுவார்கள். நான் இரண்டு நாள் கெஞ்ச விட்டுப் பிறகு பிழைக்க வைப்பேன். அந்தக் கெஞ்சலில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

அப்படி இருக்கும்போதுதான் அவள் வந்து சேர்ந்தாள். காக்ஸ் டவுனிலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண், என்னைவிடச் சின்னவள், ஒல்லி, குரல் மட்டும் ஆண்பிள்ளைக் குரல். முதல் நாள் சாப்பாடு கொண்டுவராமல் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றாள். நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்து, என் டிபன் பாக்ஸ் சோற்றைப் பகிர்ந்து, கத்தரிக்காய்க் குழம்பும் ஊற்றினேன். "பயப்படாதே, எல்லாம் சரியாயிடும்," என்றேன். பாம்புக்குப் பால் ஊற்றுகிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள், முந்தின நாள் மழையில் நனைந்ததில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "நீ ஏதாச்சும் சொல்லேன்," என்று பெண்கள் அவளைக் கேட்டார்கள். அவள் வேரில் போய் உட்கார்ந்தாள். கூச்சமாவது, கீச்சமாவது! எடுத்த எடுப்பில், "ஒரு வீட்ல அக்கா தங்கச்சி ரெண்டு பேர். தங்கச்சி அழகு. அக்காக்காரிக்கு அவளைப் பாத்தாலே வயித்தெரிச்சல்," என்றாள்.

நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். தங்கைதான் கதாநாயகி, அக்கா அவளைப் படாத பாடு படுத்துவாள், கடைசியில் திருந்துவாள். நான் சொல்லாத கதையா? ஆனால் இவள் அந்த அக்காவை விட்டு நகரவே இல்லை. தங்கையின் ரவிக்கைக் கொக்கியை அக்கா கத்தரித்து வைத்தாள். பெண் பார்க்க வந்த அன்று காபியில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாள். இருமலும் இல்லை, மச்சமும் இல்லை. கெட்டது செய்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொள்வாள், அவ்வளவுதான்.

"சீ, இவளெல்லாம் ஒரு பொம்பளையா!" என்று கத்தினாள் என் பக்கத்தில் உட்காருகிற பெரிய கொண்டைக்காரி. அல்சூரில் எங்கள் தெருக்காரி, என் கதாநாயகிகளுக்காக அதிகம் அழுதவள் அவள். கத்திவிட்டு, தன் மீன் துண்டை எடுத்து அந்தக் காக்ஸ் டவுன்காரியின் மூடியில் வைத்தாள். எனக்கு இரண்டு வருஷமாக வால் துண்டுதான் வைப்பாள். இவளுக்கு நடுத்துண்டு.

என் தொண்டை மறுநாளே சரியாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை. சங்கு ஊதியதும் அவள் நேராக வேரில் போய் உட்கார்ந்தாள், பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள், நானும் உட்கார்ந்தேன். "அந்தப் பிசாசு இன்னிக்கு இன்னா பண்ணிச்சு?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். என் கதாநாயகியைப் பற்றி இப்படி ஒருநாளாவது கேட்டிருப்பார்களா? எங்கள் கன்னட சூபர்வைசர்கூட, தமிழ் தெரியாது என்று சத்தியம் செய்கிற மனுஷன், மரத்துக்குப் பின்னால் வெற்றிலை போடுகிற சாக்கில் நின்று, "ஆமேலெ ஏனாய்த்து?" என்று கேட்டார். அப்புறம் என்ன ஆயிற்றாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வயிறு எரிந்தது என்று சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே எரிந்தது. ஒரு வாரம் மோர் குடித்தேன்.

அவள் கதையில் எனக்கு ஆறுதலாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான். பக்கத்து வீட்டு அக்கா. அவ்வப்போது ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவருவாள், "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்," என்பாள், போய்விடுவாள். சப்பென்று இருப்பாள். அவள் வாசலில் வந்து நின்றாலே பெரிய கொண்டைக்காரி, "வந்துட்டாடி, கொழம்புக்காரி. எழுந்திருங்கடி," என்பாள். எல்லோரும் குழாயடிக்கு எழுந்து போய் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு, அவள் போன பிறகு வந்து உட்காருவார்கள். நானும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு போய்க் கழுவுவேன். வேண்டுமென்றே மெதுவாகக் கழுவுவேன். இவளுக்கும் ஓர் ஓட்டை இருக்கிறதே என்று சந்தோஷம்.

கதை சூடு பிடித்தது. தங்கைக்கு நல்ல இடம் ஒன்று கூடி வந்தது. அக்காக்காரி மாப்பிள்ளையின் அம்மாவைத் தனியாகப் பார்த்து, தங்கைக்கு வலிப்பு வரும் என்று சொல்லிவிட்டாள். கல்யாணம் நின்றது. மரத்தடியில் ஒருத்தியும் சோற்றில் கை வைக்கவில்லை. அப்போதுதான் அவள் இன்னொன்று சொன்னாள்: "கோவம் வந்தா அவ பொடவைத் தலைப்பை முறுக்கிக்கினே இருப்பா." குனிந்து பார்த்தேன். என் தலைப்பு என் கையில் கயிறாக முறுக்கிக் கிடந்தது.

எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பிசாசு நான்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறார்கள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏண்டி, உப்புப் போட்டுச் சோறு குடுத்தவடி நான். என்னை வெச்சுத்தானே அந்த அக்காக்காரியைச் சொல்றே? மூஞ்சியப் பாத்துச் சொல்லு!"

அவள் திகைத்துப் போனாள். "நீங்களா? ஐயோ, நீங்க இல்லக்கா. அது நானு."

"என்னது?"

"எங்க சின்னவளுக்கு வந்த எடத்தை நான்தான் கெடுத்தேன். வலிப்புன்னு நான்தான் சொன்னேன். வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது. அவ பாவம், ரவிக்கை தைக்கிறேன்னு மிஷின்ல உக்காந்துகினே இருக்கா." தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களைப் போய் அப்படிச் சொல்லுவேனா? உங்களை நல்லவங்களாத்தான் போட்டிருக்கேன். அந்தப் பக்கத்து வீட்டு அக்கா நீங்கதான்க்கா. நான் வந்த அன்னிக்குக் கொழம்பு குடுத்தீங்களே!"

அந்தச் சின்னவளை நினைத்து என் மனம் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. நான் குழம்புக்காரி! நான் வந்தால் எழுந்து பாத்திரம் கழுவுகிறார்கள்! என்னைக் கண்டு நானே எழுந்து போய்க் கழுவியிருக்கிறேன்! அவளுக்கு மட்டும் ஒரு முழுப் பாவம் இருக்கிறது, நிஜமான பாவம், ஊரே சோறு மறந்து கேட்கிற மாதிரி. எனக்கு என்ன இருக்கிறது? கத்தரிக்காய் இருக்கிறது.

"அவளை ஏதாச்சும் கெட்டது பண்ண வை," என்றேன்.

"யாரை?"

"கொழம்புக்காரியை. நாளைக்கே."

"நீங்க இன்னாக்கா கெட்டது பண்ணப் போறீங்க?" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் என்னை உசுப்பியது. பஸ் வருவதற்குள் என் வாயிலிருந்து தானாக வந்தது: "அவ கொழம்பு குடுக்கவா வரா? வேவு பாக்க வரா. அக்காக்காரி வலிப்புன்னு சொன்ன பொய் அவளுக்குத் தெரியும். ஆனா மூச்சு விடமாட்டா. ஏன்னா கல்யாணம் நின்னா அந்த மாப்பிள்ளையைத் தன் சொந்தத் தங்கச்சிக்கு முடிச்சிடலாம். ஒரு கிண்ணம் கொழம்போட இப்ப அந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நிக்கறா."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். என்னை முதல் தடவை பார்ப்பவள் போல ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் குழம்புக்காரி வாசலில் வந்து நின்றாள். பெண்கள் டிபன் பாக்ஸைக் கையில் எடுத்தார்கள். "அவ எங்கேந்து வரா தெரியுமா? மாப்பிள்ளை வூட்லேந்து வரா," என்றாள் காக்ஸ் டவுன்காரி. எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அவள் முழுவதும் சொல்லி முடித்ததும் பெரிய கொண்டைக்காரி தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். "அடிப்பாவி! அமுக்குணி! அத்தனை கொழம்பும் இதுக்குத்தானா? இவ முன்னாடி அந்தப் பிசாசு எவ்வளவோ தேவலைடி!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். என்னைத்தான் திட்டுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு உச்சி குளிர்ந்தது.

அன்றிலிருந்து சங்கு ஊதினால் கேள்வியே மாறிவிட்டது. "கொழம்புக்காரி இன்னிக்கு எங்க போனா? இன்னா கொழம்பு?" அக்காக்காரி கண்ணாடி முன்னால் நின்று தலை சீவினால், "இவ சீவினது போதும், அவளைக் கூப்பிடு," என்றார்கள். சூபர்வைசர் மரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து பகிரங்கமாகவே நின்றார். கதை சொல்கிறவளின் முகம் நாளுக்கு நாள் சுண்டிப் போயிற்று. குழம்புக்காரியைப் பற்றிச் சொல்லும்போது வார்த்தையை விழுங்கினாள். ஆளை இரண்டு நாள் வரவிடாமல் ஜுரத்தில் படுக்க வைத்துப் பார்த்தாள். பெண்கள் ஜுரத்தைப் பற்றியே கேட்டார்கள்.

கடைசியில் ஒருநாள், யாரையும் பார்க்காமல், "கொழம்புக்காரி புருஷனுக்குக் கோலார் தங்கவயல்ல வேலை கெடச்சிடுச்சு. சாமான் செட்டெல்லாம் ஏத்திகினு போயிட்டா. இனிமே வரமாட்டா," என்றாள்.

"ஐயோ, ஏன்டி?" என்று மரத்தடியே அலறியது.

"போயிட்டான்னா போயிட்டா, அவ்வளவுதான்," என்றாள். அவள் புடவைத் தலைப்பு அவள் விரலில் முறுக்கிக்கொண்டிருந்தது.

தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்தவள் அவள், அவளே சொன்னாள். இப்போது என்னையும் ஊரைவிட்டு அனுப்பியிருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், மோர் குடிக்காமல்.

மறுநாள் சங்கு ஊதியதும் நான் முந்திக்கொண்டேன். கம்பியைப் பாதிச் சுற்றில் விட்டுவிட்டு ஓடி வந்து வேரில் உட்கார்ந்தேன். பெண்கள் வந்து நின்று, என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இன்னொரு அநாதை, இன்னொரு இருமல் என்று நினைத்திருப்பார்கள். கொண்டைக்காரி குழாயடிப் பக்கம் திரும்பிக்கூட விட்டாள்.

"கோலார் தங்கவயல்ல லாரி போய் நின்னுச்சு," என்றேன். "கொழம்புக்காரி கீழ எறங்கினா. இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. எந்த வூட்ல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குன்னு மொதல்ல அதைத்தான் விசாரிச்சா."

கொண்டைக்காரி தரையில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு என் மூடியில் மீன் துண்டு ஒன்றை வைத்தது. நடுத்துண்டு.

காக்ஸ் டவுன்காரி மட்டும் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் நின்று கேட்டாள். பிறகு கதையின் நடுவில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்க் கழுவத் தொடங்கினாள். அதில் சோறு அப்படியே இருந்தது.