மில் சுவருக்கு இந்தப் பக்கம்

திருமங்கலத்துக்கு வெளியே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய நெல் மில் அது. நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டு அடுப்படிக்கும் மில்லுக்கும் ஒரே சுவர். கட்டிய மகராசன் எல்லாவற்றையும் உயரமாகத்தான் கட்டியிருந்தான். வளைவு வைத்த ஜன்னல்கள், தேக்கு உத்தரங்கள், தூசி வெளியேற ஓட்டுக்கூரையின் உச்சியில் ஒரு குட்டிக்கூரை. மில்லிலிருந்து அடுப்படிக்கு வரும் வாசலை மட்டும் தாழ்த்திக் கட்டித் தொலைத்திருந்தான். எந்திரங்களைச் சுழற்றும் நீளமான இரும்புத் தண்டு அதற்கு மேலே சுவரோடு ஓடியது. பக்கத்திலேயே பெல்ட் சுற்றும். குனிந்துதான் வர முடியும்.

மில் ஓடினால் சுவர் அதிரும், என் அலமாரியில் டம்ளர்கள் தானாக நடக்கும். வந்த புதிதில் பீங்கான் கோப்பைகள் விழுந்து உடைந்தன. மில்லை நடத்திய என் கணவர் பலகை விளிம்பில் மரச்சட்டம் அடித்துக் கொடுத்தார். "இனி எங்கிட்டு ஓடும்னு பாக்குறேன்" என்று டம்ளர்களை மிரட்டினார்.

எழுபதுகளில் அடிக்கடி மூணு பேஸ் கரண்ட் போய்விடும். வீட்டு பல்பு எரியும், மில் மட்டும் நின்றுவிடும். ஆட்கள் கத்துவார்கள். எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தோஷம், ஏனென்றால் அப்போதுதான் அவர் சாப்பிட வருவார். தோளில் துண்டோடு அந்த வாசலில் குனிந்து, "சாமி கும்பிடக்கூட நான் இம்புட்டு குனிஞ்சதில்ல, உன் தோசைக்குக் குனியிறேன் பாரு" என்பார். ஓடும் மில்லில் அந்த வழியாக வரமாட்டார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, மழை மூட்டம். உமித்தூசிக்காக வாசல் கதவைச் சாத்தியிருந்தேன். டம்ளர்கள் நின்றன. பல்பு எரிந்தது. மூணு பேஸ்தான் போயிருக்கு என்று அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டேன். அந்தப் பக்கம் ஆட்கள் கத்தினார்கள். கரண்ட் போனால் கத்துவதுதானே. முதல் தோசை ஆறிப்போனது. அதன்மேல் இன்னொன்றைப் போட்டு, "வாரீகளா இல்லையா?" என்று கோபமாகக் கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. குனிந்து வந்தது மில் ஓட்டும் ஆள். கையில் பாதித் துண்டு.

"மதனி... அண்ணன் இங்கிட்டுத்தான் வந்தாரு. குனியவும் துண்டு பெல்ட்டுல..."

மதுரைக்குக் காரில் கொண்டுபோனார்கள். வழியில் கப்பலூரைக்கூட உயிரோடு தாண்டவில்லை.

மில் ஓடும்போது எதற்காக என்னிடம் வந்தார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கேள்வியைப் போல என்னை அறுத்தது வேறெதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கொழுந்தனார் மில்லை எடுத்து நடத்தினார். வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். அதை முன்னமே அடைத்திருந்தால் என்னவாம்? அந்த வாரமே ஒருநாள் டம்ளர்கள் நின்றன. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, நெல் காயும் களத்தைச் சுற்றிச் செருப்பில்லாமல் ஓடினேன். மில்லுக்குள் எல்லாரும் என்னைப் பார்த்துத் தலைகுனிந்துகொண்டார்கள். மில் ஓட்டும் ஆள்தான் கிட்டே வந்தார்.

"கரண்ட்டுதான் மதனி. கரண்ட்டுதான் போயிருக்கு."

அதன்பிறகு மில் நிற்கும்போதெல்லாம், மற்ற வேலையை விட்டுவிட்டு முதலில் என் வீட்டு முன்வாசலுக்கு வந்து, "கரண்ட்டுதான் மதனி" என்று சொல்லிவிட்டுப் போவார். நான் டம்ளர்கள் மறுபடி நடக்கும்வரை அலமாரியைப் பார்த்தபடி நிற்பேன்.