கள்ளிக்கு அம்மை போட்ட வருஷம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப் போட்டேன். எழுதினால் மாரியாத்தாளைக் குறைத்துப் பேசியதாகுமோ, என் அப்பாவைக் குறைத்துப் பேசியதாகுமோ என்று இரண்டு பயம். ஐந்தாவது வரை படித்தவள், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்ணந்தூருக்குக் கிழக்கே நாங்கள் வெள்ளாமை செய்கிற காடு. அதற்குப் போகிற வண்டித்தடத்தை இட்டேரி என்போம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சப்பாத்திக்கள்ளி. மிளகாயும் கடலைக்காயும் வந்த அதே தேசத்திலிருந்து கப்பலேறி வந்த செடி அது என்று இப்போது என் பேரன் சொல்கிறான். எங்களுக்கு அது எங்கள் ஊர்க் கள்ளி. பழத்தைத் தரையில் உருட்டி முள் போக்கி, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தின்போம். வெற்றிலை போட்டது போல வாய் சிவக்கும். கக்குவான் இருமலுக்கும் அதுதான் மருந்து. சுட்டுப் பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்குக் கக்குவான் வந்தது. இருமி இருமி முகம் நீலமாகிவிடும். அடுத்த மூச்சு வருகிறவரை வீட்டில் யாருக்கும் மூச்சு ஓடாது. அப்பா உட்காரவே மாட்டார். வாசலுக்கும் கட்டுத்தறிக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

பழம் பறிக்கப் போனால் கள்ளி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. பெரியப்பா ஒன்றை நசுக்கினார். விரலெல்லாம் ரத்தச் சிவப்பு.

"கள்ளிக்கு அம்மை போட்டிருக்குதுடா! ஆத்தா எறங்கியிருக்கறா. ஆரும் கை வெக்கப்படாது!"

பொழுது சாய்வதற்குள் இட்டேரி நெடுக வேப்பிலை செருகி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. கள்ளியை ஒழிக்கச் சர்க்கார் விட்ட பூச்சி அது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? முதலில் விழுந்து கும்பிட்டவரே அப்பாதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பச்சைத்தண்ணீர் குடிக்காதவர்.

அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க, செடியில எறங்குன ஆத்தா எங்கொழந்தைய மட்டும் பாக்க மாட்டாளுங்களா?"

அப்பா மறுபடி கட்டுத்தறிப் பக்கம் நடந்தார். மறுநாள் காலையில், பூப்போட்டுக் கேட்டுவிடலாம் என்றார். பெரியப்பாவும் சம்மதித்தார்.

பூவரச இலையில் ஒரு பொட்டலம் வெள்ளரளி, ஒரு பொட்டலம் செவ்வரளி. சிறுபிள்ளை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் பறிக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது. அப்பா துண்டுக்குள் கையை விட்டுப் பொட்டலம் கட்டினார். கள்ளியடியில் வைத்துவிட்டு என்னிடம், "எடு சாமி" என்றார்.

தம்பியின் உயிர் என் விரலில் இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஒன்றைத் தொட்டேன், பயந்து அதை விட்டுவிட்டேன், மற்றதை எடுத்தேன். பெரியப்பா பிரித்தார். வெள்ளை!

"ஆத்தாளே சொல்லீட்டா, அப்பறம் என்ன?" என்று அவரே தொரட்டியை எடுத்தார். மிச்சப் பொட்டலத்தை அப்பா மடியில் செருகிக்கொண்டார்.

சாறு உள்ளே போகப் போக இருமல் தணிந்து, தம்பி பிழைத்தான். ஊரே என் கையை மெச்சியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூப்போட்ட அன்று சாயங்காலமே அப்பா கிணற்றில் குளிக்கும்போது மடியிலிருந்து அந்தப் பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளரளி.

"அப்பா, ஆத்தா செவப்ப வெள்ளையாக்கீட்டா!" என்று கத்தினேன். ஈரக்கையால் என் வாயைப் பொத்தினார். "ஆருகிட்டயும் சொல்லாத சாமி" என்றார். சாமி காரியத்தை வெளியில் சொல்லக்கூடாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா கோயில் வாசற்படி ஏறவில்லை. வெளியே வெயிலில் நின்று கும்பிட்டார். பெரியப்பா உள்ளேயிருந்து, "ஏன்டா, உள்ளார வாடா" என்றார்.

"இங்கிருந்தே தெரியுதுங்கண்ணா."

கள்ளியெல்லாம் அழுகி இட்டேரி வெட்டவெளியான பிறகும், தம்பிக்குக் கல்யாணமான பிறகும், சாகிறவரை அங்கேயேதான் நின்றார். உள்ளே கூட்டம், புழுக்கம், அதனால் நிற்கிறார் என்றுதான் அப்போது நான் நினைத்திருந்தேன்.

இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். பூ இரண்டும் வெள்ளை. யார் வெள்ளையாக்கியது என்பதை மட்டும் உங்கள் பங்குக்குச் சேர்த்துவிடாதீர்கள்.